ஏடிஎம்-3ஏ, விடி100: திரையில் இருப்பதை யார் நினைவில் வைப்பது?

ஏடிஎம்-3ஏ, விடி100 இரண்டும் டெர்மினல்கள், அதாவது தூரத்திலுள்ள கணினியோடு பேச உதவும் திரையும் விசைப்பலகையும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். 12 அங்குலப் படக்குழாய், 24 வரி, வரிக்கு 80 எழுத்து, கணினிக்குப் போகும் ஒரு கேபிள். லியர் சீக்லர் கம்பெனியின் ஏடிஎம்-3ஏ 1976இல் வந்தது. நாமே பூட்டிக்கொள்ளும் கிட்டாக வாங்கினால் 995 டாலர். டெக் கம்பெனியின் விடி100 வந்தது 1978இல். மூடியைக் கழற்றிய பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

இரண்டுக்கும் பிரச்சினை ஒன்றுதான்: படக்குழாய்க்கு ஞாபகம் கிடையாது. எலெக்ட்ரான் கற்றை பட்ட புள்ளி ஒரு நொடிகூட ஒளிராமல் அணைந்துவிடும். அதனால் முழுத் திரையையும் விநாடிக்கு 50 அல்லது 60 தடவை புதிதாக வரைய வேண்டும். வரைய வேண்டுமென்றால் 1920 எழுத்துகளையும் எங்காவது வைத்திருக்க வேண்டுமே! 1972இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 4010 என்ற டெர்மினல் குழாயிலேயே படத்தைத் தேக்கி இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தது. ஆனால் அதில் ஓர் எழுத்தை மட்டும் அழிக்க முடியாது, திரை முழுவதையும் துடைக்க வேண்டும். வரைபடத்துக்கு அது சரி, எழுதித் திருத்தும் வேலைக்கு ஆகாது.

ஏடிஎம்-3ஏ-வில் பிராசசரே இல்லை. போர்டு நிறைய டிடிஎல் சிப்புகள், அதாவது ஆளுக்கொரு எளிய வேலை செய்யும் சின்னச் சின்ன லாஜிக் சிப்புகள். 'ஏ' என்ற ஆங்கில எழுத்து திரையில் வர வேண்டுமா? நினைவகத்தில் இருப்பது 65 என்ற எண் மட்டும். இடங்களை எண்ணிக்கொண்டே போகும் கவுண்டர் அந்த இடத்துக்கு வந்ததும், எழுத்துருவை வைத்திருக்கும் ரோம் சிப் அந்த எண்ணையும், கற்றை இப்போது எழுத்தின் எத்தனையாவது கோட்டில் ஓடுகிறது என்பதையும் பார்க்கிறது. முதல் கோடென்றால் நடுவில் ஒரே புள்ளி, அடுத்த கோட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, ஐந்தாவதில் ஐந்தும். ஷிஃப்ட் ரெஜிஸ்டர் அந்தப் புள்ளிகளை வரிசையாகக் கற்றைக்குத் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான். மின்சமிக்ஞையை அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்துச் சிப்புகளின் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தால் எழுத்து உருவாகும் வழி முழுவதையும் பின்தொடரலாம். இந்த வெளிப்படைத்தன்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விடி100-க்குள் இன்டெல் 8080 என்ற பிராசசர் இருக்கிறது. 3 கிலோபைட் நினைவகத்தில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மூன்று பைட்டுகள்: ஒன்று வரி முடிந்தது என்கிறது, மற்ற இரண்டும் அடுத்த வரி எங்கே இருக்கிறது, அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கின்றன. வீடியோ சர்க்யூட் 8080-ஐக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, ஒரு வரியைத் தன் பஃபருக்கு (தற்காலிக நினைவகத்துக்கு) இழுத்துக்கொண்டு, அதிலிருந்தே அந்த வரியின் பத்துக் கோடுகளையும் வரைகிறது. திரை மேலே நகர வேண்டுமென்றால் 1920 எழுத்துகளையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. மேல் வரியைச் சங்கிலியிலிருந்து கழற்றி, வெறுமையாக்கி, அடியில் கோத்துவிட்டால் போதும். வரிகளைச் சங்கிலி மாதிரிக் கோத்த இந்த யோசனை அற்புதமானது.

அதன் மென்மையான ஸ்க்ரோலுக்கு ஒரு விலை உண்டு. ஒரு தடவை வரையும்போது ஒரு கோடு மட்டும் நகர்வதால் விநாடிக்கு ஆறு வரிக்கு மேல் போகாது. கணினி அதைவிட வேகமாக அனுப்பினால் டெர்மினலே 'கொஞ்சம் நில்' என்று கண்ட்ரோல்-எஸ் அனுப்பும், அப்புறம் 'இனி அனுப்பு' என்று கண்ட்ரோல்-க்யூ. மறுமுனை அதை மதிக்காவிட்டால் எழுத்துகள் தொலைந்துபோகும்.

கர்சரை நகர்த்துவதிலும் இதே குணம் தெரிகிறது. ஏடிஎம்-3ஏ-வுக்கு எப்போதும் நாலே பைட்: எஸ்கேப், சமக்குறி, வரி, நெடுவரிசை. விடி100 எண்களைத் தசமத்தில் எதிர்பார்க்கிறது. 12ஆம் வரி, 40ஆம் இடத்துக்குப் போக எட்டு பைட் வேண்டும். எண்ணைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு புரோகிராம் இருந்ததால்தான் அது முடிந்தது. இன்றைய லினக்ஸ் டெர்மினல் ஜன்னல்களுக்கும் அந்த எட்டு பைட் புரியும்.

என்னைக் கேட்டால், கற்றுக்கொள்ள ஏடிஎம்-3ஏ, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்க விடி100. புரோகிராமர் பில் ஜாய் பெர்க்லியில் 'விஐ' எடிட்டரை எழுதியது ஏடிஎம்-3ஏ-வில்தான். ஹெச், ஜே, கே, எல் சாவிகளில் அம்புக்குறி அச்சிட்டிருந்ததால் அந்த எடிட்டரில் இன்றும் அவைதான் கர்சரை நகர்த்துகின்றன. ஆனால் கர்சரிலிருந்து வரியின் மீதியை மட்டும் அழிக்க அந்த டெர்மினலுக்குக் கட்டளையே கிடையாது. வெற்றிடங்களை அனுப்பி மேலெழுத வேண்டும். தொலைபேசி வழியாக விநாடிக்கு 30 எழுத்து போகும் 300 பாட் மோடத்தில் 40 எழுத்தை அழிக்க ஒரு விநாடிக்கு மேல் ஆகும். விடி100-க்கு மூன்றே பைட், பத்தில் ஒரு விநாடி.