தொண்டிக் கடலில் கட்டிப்போட்ட படகு: பூட்டு, சங்கிலி, டிராக்கர் நீண்ட நாள் பயன்பாட்டில் எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருந்துகொண்டு தொண்டியிலோ நம்புதாளையிலோ கோட்டைப்பட்டினத்திலோ பங்குக்குப் படகு வைத்திருப்பவர்களுக்காக இது. படகு அங்கே, முதல் போட்டவர் இங்கே. ராத்திரி கடலில் நிற்கும் படகுக்கு என்ன ஆனது என்பது விடிந்தபின் யாராவது போன் செய்தால்தான் தெரியும். 28 அடி பைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின், ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஜி.பி.எஸ்., வலை. இந்த அளவுப் படகில் பல பருவம் மாட்டிவைத்துப் பார்த்த சாமான்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. விசைப்படகுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

முழுப் படகையும் ஓட்டிக்கொண்டு போகிறவன் குறைவு. பதிவு எண் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும். அதில் 10 என்று இருந்தால் ராமநாதபுரம் மாவட்டம், 08 என்றால் புதுக்கோட்டை. அடுத்த கரையில் ஏற்றினாலே யாருடையது என்று நாலு பேர் கேட்பார்கள். போவதெல்லாம் கையால் கழற்றக்கூடியவை: பெட்ரோல் கேன், பேட்டரி, ஜி.பி.எஸ்., வலை, கடைசியாக இன்ஜின். இங்கே இன்னொரு சங்கடம், கடல் ஆழமில்லை. பாக் விரிகுடாவின் இந்தக் கரையில் நல்ல தூரம் உள்ளே போனாலும் இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீர்தான். திருட வருகிறவனுக்கு இன்னொரு படகு வேண்டியதில்லை. நடந்தே வந்து, சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போகலாம். அதனால் ஆழ்கடல் துறைமுகத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் யோசனைகளை அப்படியே இங்கே எடுத்துவந்தால் காசுதான் வீண்.

முதலில் பூட்டு. தேவகோட்டையில் ஒரு குடோனில் தொங்கும் பித்தளைப் பூட்டு பத்து வருஷம் எண்ணெய் காணாமலே திறக்கும். அதே பூட்டைத் தொண்டியில் படகில் மாட்டினால் ஒரு வாடைக்காலம் முடிவதற்குள் சாவி பாதி சுற்றில் நின்றுவிடும். காரணம் எளிது. அலைத்தூறல் சாவித்துளைக்குள் போகிறது, வெயிலில் தண்ணீர் காய்கிறது, உப்பு மட்டும் தங்குகிறது. ராத்திரிக் காற்றில் உள்ள ஈரத்தை அந்த உப்பு மறுபடி இழுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் லீவர், ஸ்பிரிங் எல்லாம் எப்போதும் நனைந்தபடியே கிடக்கின்றன. உடல் பித்தளையாக இருந்தாலும் வளையம் இரும்புதான். மேலே குரோம் பூச்சு. வளையம் உடலுக்குள் இறங்கும் இரண்டு ஓட்டைகளில்தான் துரு முதலில் பிடிக்கும். துரு பிடித்த இரும்புக்கு இடம் அதிகம் வேண்டும். ஓட்டைக்குள் பிதுங்கி வளையம் இறுகிவிடும். சாவி சுற்றும், வளையம் எழும்பாது. அப்படி இறுகிய பூட்டை ஆள்கள் ஒருநாள் அவசரத்தில் தட்டி உடைப்பார்கள். புதுப் பூட்டு வாங்கும்வரை சங்கிலியைச் சும்மா சுற்றிவிட்டுப் போவார்கள். இந்தக் கரையில் பார்த்தவரை, திருடன் உடைத்த பூட்டைவிட உப்பு கெடுத்த பூட்டே அதிகம். எதை வாங்கினாலும் இதை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

திண்டுக்கல் பூட்டைப் பலரும் கேட்கிறார்கள். 2019இல் நம்மூர் கண்டாங்கிச் சேலைக்குக் கிடைத்தது போலவே அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. கைவேலைக்கு அது தகும். வீட்டுக் கதவுக்கு அருமையான பூட்டு. ஆனால் இரும்புத் தகட்டு உடல் கொண்ட வகை கடலுக்கு ஆகாது. எடை அதிகம், துருவும் சீக்கிரம். முழுப் பித்தளை உடலில், உருளை வகைச் சாவியும் துளைக்கு மூடியும் உள்ள பூட்டு நன்றாகத் தாங்கியது. வளையம் 316 ரக எஸ்.எஸ்.ஸாக (துருப்பிடிக்காத எஃகு) இருந்தால் இன்னும் நல்லது. கடையில் எஸ்.எஸ். என்று மட்டும் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் 304. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், காந்தம் வைத்தும் பிரித்துச் சொல்ல முடியாது. 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊசிக் குத்துபோலப் புள்ளித் துரு விழாமல் காப்பது அதுதான். பில்லில் ரகம் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் அடுத்த கடை. துருவைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் நிலையமே நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த சிக்ரிதான் அது. மண்டபத்தில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் காயவைத்துக் கணக்குப் பார்ப்பதும் அவர்கள்தான். அப்படியிருந்தும் கடைக்குப் போனால் 'எல்லா எஸ்.எஸ்.ஸும் ஒன்றுதான் சார்' என்ற பதில்தான் கிடைக்கிறது.

பராமரிப்புக்குப் பெரிய வேலை இல்லை, விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவே. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பூட்டைக் கழற்றி நல்ல தண்ணீர் உள்ள வாளியில் முக்கி, சாவியை நாலைந்து தடவை சுற்றுங்கள். உள்ளே இருக்கும் உப்பு கரைந்தால்தான் எண்ணெய்க்கு வேலை. உதறிக் காயவைத்து, டபிள்யூ.டி. 40 அடித்து ஈரத்தை வெளியே தள்ளிவிட்டு, மேலே மெரைன் கிரீஸ் கொஞ்சம். வெறும் டபிள்யூ.டி. 40 மட்டும் போதாது. சில நாளில் ஆவியாகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகி மணலைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் தூள் போடுவது வீட்டுப் பூட்டுக்குச் சரி. உப்புத் தண்ணீரில் கரித்தூளும் உலோகமும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். சாவித்துளை கீழே பார்த்தபடி தொங்கட்டும். மேலே பைக் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் குடைபோல மாட்டிவிடலாம், ஆனால் அடியில் திறந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுகிறவர்கள் ஈரத்தைத்தான் கட்டிவைக்கிறார்கள்.

சங்கிலியில் ஒரு சிக்கல் உண்டு. சூடான துத்தநாகக் குழம்பில் முக்கி எடுத்த சங்கிலி உப்பைத் தாங்கும், ஆனால் இரும்பு மென்மையானது: 8 மி.மீ. சங்கிலியை 24 அங்குல போல்ட் கட்டர் ஒரே அழுத்தில் துண்டாக்கும். பளு தூக்கும் கிரேடு 80 சங்கிலி வெட்டுக்கு நிற்கும், ஆனால் கறுப்புப் பெயின்ட் போனதும் துரு தின்னும். அதனால் இரண்டையும் பிரித்து வைப்பதே நல்லது. நங்கூரக் கயிற்றின் மேல்முனையில், அணியத்து (படகின் முன்முனை) வளையத்திலிருந்து 4 மீட்டருக்கு 10 மி.மீ. துத்தநாகச் சங்கிலி, மீட்டருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும், அணியம் அந்தப் பாரத்தைத் தாங்கும். அதற்குக் கீழே நைலான் கயிறு. கத்தியோடு வருகிறவன் கைக்கு எட்டும் இடத்தில் கயிறே இருக்காது. இன்ஜினுக்கு மட்டும் கிரேடு 80, ரப்பர்க் குழாய்க்குள் கிரீஸ் தடவி. அதைத் துருப்பிடிக்கும் சாமான் என்று வைத்துக்கொண்டு அவ்வப்போது மாற்றிவிட வேண்டியதுதான். சங்கிலி தளத்தில் படியாமல் இறுக்கமாக இருக்கட்டும். தொங்கினால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தளத்தில் ஊன்றி முழு உடம்பின் பாரத்தையும் போடலாம். பேட்டரியில் ஓடும் கிரைண்டர் எதையும் அறுக்கும், ஆனால் ராத்திரியில் அந்தச் சத்தம் கரைவரை கேட்கும்.

எல்லோரும் சங்கிலியைப் பார்ப்பார்கள், அது மாட்டியிருக்கும் கொக்கியைப் பார்க்க மாட்டார்கள். பைபரில் வெறும் ஸ்குரூ போட்டு இறுக்கிய வளையத்தைக் கடப்பாரை நெம்பிவிடும். 12 மி.மீ. ஐ-போல்ட் ஊடே போய், உள்ளே உள்ளங்கை அளவுக்கு 6 மி.மீ. எஸ்.எஸ். தகடு, அதன்மேல் நைலாக் நட். நட் இருக்கும் இடம் பூட்டும் அறைக்குள் அமைய வேண்டும். சங்கிலியை இணைக்கும் டி-ஷாக்கிள் வளையத்தின் திருகாணியை எஸ்.எஸ். கம்பியால் கட்டுங்கள், அலையில் தானாகவே கழன்று விழுவது திருட்டைவிடச் சாதாரணமாக நடக்கும். ஷாக்கிள் எஸ்.எஸ்., சங்கிலி துத்தநாகம் என்று கலந்தால் அவை தொடும் கண்ணியில் துத்தநாகம் முதலில் கரையும். மாதம் ஒருமுறை அந்த ஒரு கண்ணியைப் புரட்டிப் பாருங்கள்.

இன்ஜின் விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது. பத்துக் குதிரைத்திறனுக்குள் என்றால், இரண்டு நாளுக்கு மேல் மீன்பிடிக்கப் போகாதபோது கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நாற்பது கிலோ சுமார். இரண்டு பேர் கம்பில் கட்டித் தூக்கலாம். தினமும் கழற்றி மாட்டுவதும் தப்பு: எரிபொருள் குழாயின் கனெக்டர் தேயும், இருட்டில் தண்ணீருக்குள் விழும். கடலிலேயே நிற்கும் நாள்களுக்கு, இரண்டு கிளாம்ப் கைப்பிடிகளையும் சேர்த்து மூடும் குழாய்ப் பூட்டு இருக்கிறது. அது அவசரக்காரனைத் தடுக்கும். ஸ்பானரோடு நேரம் எடுத்து வருகிறவனைத் தடுக்காது. கூடவே பின்பலகையில் ஊடுபோல்ட் இரண்டு வேண்டும், அதில் ஒன்று, இறுக்கியதும் தலை ஒடிந்து திரும்பக் கழற்ற முடியாத வகை நட்டாக. ஆனால் ஓட்டை போடும் இடத்தில் சீலன்ட் சரியாக அடைக்காவிட்டால், பைபருக்குள் இருக்கும் பிளைவுட்டில் தண்ணீர் இறங்கி ஊறும். வெளியே பளபளப்பாகவே இருக்கும்; சுத்தியால் தட்டினால் 'டக்' என்று கேட்காமல் மொத்தென்று கேட்கும். அப்போது பின்பலகையையே மாற்ற வேண்டிவரும். ஓட்டையின் உள்சுவரில் முதலில் எபாக்ஸி பூசிக் காயவிட்டு, பிறகு போல்ட்டும் சீலன்டும்.

பேட்டரியைத் தளத்துக்கு அடியில் உள்ள பெட்டியில் பட்டை போட்டு முறுக்கிவிடுங்கள். பெட்ரோலைப் படகில் வைக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

டிராக்கர் வாங்குகிறவர்கள் விளம்பரத்தில் சொல்லும் நாள்கணக்கை நம்ப வேண்டாம், நாமே போட்டுப் பார்க்கலாம். விழித்திருக்கும்போது 40 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 175 மணி நேரம், அதாவது ஒரு வாரம் ஓடும். ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால் நடைமுறையில் மூன்றரை நாள். 10 வாட் சோலார்த் தகடு ஒன்று சேர்த்தால் வெயில் காலத்தில் தாராளம். வாடையில் மேகம் மூடினால் மட்டும் இழுபறி. பைபர் வழியாக ஜி.பி.எஸ். சிக்னல் போகும், அதனால் அறைக்குள் மறைத்து வைக்கலாம். மேலே இரும்புத் தகடோ தண்ணீர்க் கேனோ இருக்கக் கூடாது. மலிவான 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. படகு நகர்ந்தால் அடிக்கும் எல்லை அலாரத்தை 100 மீட்டருக்கு வையுங்கள்: 20 மீட்டர் கயிற்றில் நிற்கும் படகு காற்று மாறினால் அந்தப் பக்கம் சுழன்று ஐம்பது மீட்டருக்கு மேல் நகரும். 30 மீட்டர் வைத்தவர்கள் ராத்திரி இரண்டு முறை எழுந்து, மூன்றாம் நாள் அலாரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். இதையெல்லாம் சரியாகச் செய்தும் டிராக்கர் தோற்கும் முக்கியமான காரணம், சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறப்பதுதான். அசைவைக் கண்டு எரியும் சோலார் விளக்கு அலைக்கெல்லாம் எரிந்து விடிவதற்குள் செத்துவிடும். நாங்கள் கழற்றிவிட்டோம்.

கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பது ஆள் காவல். பக்கத்தில் நிற்கும் படகுக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆளைப் போட்டால் செலவு தெரியாது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்தக் காலத்தில் கரையில் ஆள் நடமாட்டம் குறையும், காவலுக்கு வேலை அப்போதுதான் அதிகம். ஊர்த் திருவிழா ராத்திரிக்கு மாற்று ஆளை முன்னாடியே பேசிவையுங்கள்.

படகு இருந்த இடத்தில் இல்லை என்றால் கூச்சல் போடுமுன் கயிற்று முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கத்தி வெட்டென்றால் எல்லாப் புரியும் ஒரே மட்டத்தில் நிற்கும். உரசி அறுந்ததென்றால் ஒவ்வொரு புரியும் ஒவ்வொரு நீளத்தில், நுனி பஞ்சுபோலப் பிரிந்து, அதற்கு மேலே ஒரு சாண் தூரம் கயிறு சொரசொரப்பாக இருக்கும். அறுந்த படகு எங்கே என்பதைக் காற்று சொல்லும். வாடையில் அது தெற்கே எங்காவது கரை ஒதுங்கியிருக்கும், கரை வழியே தேடலாம். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்கே கடல் எல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே 1093இல் தமிழ்நாடு போலீஸின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும், 1554இல் இந்தியக் கடலோரக் காவல்படைக்கும் சொல்லிவிடுங்கள்.

திருட்டென்றால் காகிதம்தான் பேசும். இன்ஜின் எண் கிளாம்ப் அருகே ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். அதைத்தான் முதலில் பெயர்ப்பார்கள். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து, பில், பதிவுச் சான்றோடு சேர்த்துப் போனில் வையுங்கள். படகின் பதிவு எண்ணை இன்ஜின் மூடிக்கு உள்ளே கண்ணில் படாத மூன்று இடத்தில் பொறித்துவிடுங்கள். காயலான் கடையில் அடையாளம் காட்ட அதுதான் உதவும். புகாரை பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 303ஆம் பிரிவில் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்; மனு ரசீதோடு திரும்பி வந்தால் காப்பீட்டுக்காரர் ஏற்கமாட்டார். காப்பீட்டு ஆவணத்தில் அவுட்போர்டு பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். உல்லாசப் படகுகளுக்கான இன்ஸ்டிடியூட் யாட் கிளாசஸ் விதியில், இன்ஜின் வழக்கமான கிளாம்ப்போடு கூடுதலாக ஒரு திருட்டுத் தடுப்புச் சாதனத்தால் பூட்டப்பட்டிருந்தால்தான் இழப்பீடு என்று இருக்கிறது. உங்கள் பாலிசியிலும் அப்படி ஒரு வரி இருந்தால், குழாய்ப் பூட்டு மாட்டிய இன்ஜினின் படம் ஒன்றும் அந்தப் பூட்டு வாங்கிய பில்லும் அதே போனில் இருக்கட்டும்.