வாடகை வீட்டை விற்பதா, கடனைப் புதுப்பித்துப் பணம் எடுப்பதா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் வீட்டை விற்கப் போகிறேன் என்று வாயெடுத்தால் முதலில் மறிப்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான். குற்றம் சொல்ல முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்ததைப் பார்த்த தலைமுறை அது. இவ்வூரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்க வைத்ததும் அந்த அச்சத்தில்தான். "மண்ணைக் கைவிடாதே, பேங்கில் கடனைப் புதுப்பித்துக் காசை எடு" என்கிறார் மாமா. மகளின் படிப்புக்கு 45,000 ரிங்கிட் வேண்டும். தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வாடகைக்கு விட்டிருக்கும் வீடு ஒன்று இருக்கிறது. இரண்டு வழியையும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

விற்றால் சொத்து இலாப வரி வரும். மலேசியக் குடிமக்களுக்கு வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்றும் இல்லை. இது 2022 முதல் நடப்பில் உள்ளது. பலர் சறுக்குவது ஆண்டைக் கணக்கிடுவதில். சாவி கிடைத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பொதுவாக எண்ண வேண்டியது வீட்டை வாங்கியபோது கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தத் தேதியிலிருந்து.

வீடு 180,000க்கு வாங்கியது, இப்போது 240,000க்கு ஆள் இருக்கிறது. இலாபம் 60,000 என்று பதற வேண்டாம். வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, முகவர் கட்டணம், சமையலறையை நீட்டிக் கட்டிய செலவு எல்லாம் கழியும்; என் கணக்கில் 20,000. மீதி 40,000இல் 10,000 ரிங்கிட் அல்லது இலாபத்தில் 10 விழுக்காடு, இவற்றில் எது பெரிதோ அதற்கு விலக்கு. எனக்கு இது ஐந்தாம் ஆண்டு. ஆக 30,000க்கு 15 விழுக்காடு, 4,500 ரிங்கிட். ரசீது இல்லாத செலவு கழியாது. பெயின்ட் அடித்ததும் ஒழுகலை அடைத்ததும் பராமரிப்பு, அவையும் கழியா. வாங்குபவரின் வழக்கறிஞர் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்துக்குக் கட்டிவிடுவார். கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும், ஆனால் அதுவரை 7,200 ரிங்கிட் கையில் இருக்காது.

வாழ்நாளில் ஒரே ஒரு குடியிருப்புக்கு முழு விலக்குக் கேட்கலாம். 4,500 ரிங்கிட்டுக்காக அதைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி மாமாவின் வழி: வீட்டின் பேரில் பெரிய புதுக் கடன் வாங்கி, பழையதை அடைத்து, மிச்சத்தைக் கையில் எடுப்பது. கடன் வருமானம் அல்ல, அதனால் வரி இல்லை. இதுதான் அவருடைய பெரிய வாதம், அது உண்மையும்கூட. ஆனால் சின்ன ஊரில் விற்பனை குறைவு. வங்கியின் மதிப்பீட்டாளர் விலையைக் கையிறுக்கமாகத்தான் போடுவார். 220,000 என்று போட்டு 80 விழுக்காடு கொடுத்தால் 176,000. பழைய பாக்கி 130,000ஐ அடைத்தால் மிஞ்சுவது 46,000. அதிலும் கடன் ஒப்பந்தத்துக்கு 0.5 விழுக்காடு முத்திரை வரி, வழக்கறிஞர், மதிப்பீட்டுக் கட்டணம். கடனை முன்கூட்டியே அடைக்கக் கூடாது என்று பழைய வங்கி வைத்த பூட்டுக்காலம் முடியாவிட்டால் அபராதம் வேறு.

வட்டி 4.5 விழுக்காடு என்றால், இப்போதைய தவணையான 660 ரிங்கிட்டை 800 ரிங்கிட் வாடகை தாங்குகிறது. கையில் எடுக்கும் பணத்துக்குப் பல வங்கிகள் பத்தாண்டுக்கு மேல் தவணை தருவதில்லை. அந்த 46,000க்கு மட்டும் மாதம் ஏறத்தாழ 477. மொத்தம் 1,140ஐ நெருங்குகிறது. மாதாமாதம் 340 ரிங்கிட் என் சட்டைப்பையிலிருந்து போகும். வட்டியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்த மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி 2023 மே மாதம் 3.00ஆக இருந்தது.

மாமா யோசிக்காத ஒன்றும் உண்டு. வாடகை வருமானத்திலிருந்து கடன் வட்டியைக் கழிக்கலாம், ஆனால் அந்த வீட்டுக்காகச் செலவழித்த பணத்தின் வட்டியை மட்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்த 46,000இன் வட்டி கழியாது. வட்டியைப் பிரித்துக் காட்ட வேண்டும். மொத்தமாகப் போட்டுவிட்டு வாரியத்திடம் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வாடகை புதிய தவணையைத் தாண்டினால் மாமா சொல்வதே சரி. மூன்றாவது வீட்டுக் கடன் வைத்திருப்பவர்களுக்கு அங்கேயும் கதவு சிறியது. 2010 முதல் வீட்டு மதிப்பில் 70 விழுக்காடுதான் உச்சவரம்பு. எங்கள் தாமானில் விற்பதே மேல், அதுவும் ஆறாம் ஆண்டு பிறந்த பிறகு. கடனை அடைத்து ஏறக்குறைய ஒரு லட்சம் மிஞ்சும்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முதல் பருவக் கட்டணத்துக்கு மாமாவே கைமாற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.