ஓட்டக்காரர்களுக்கான ஹார்மோன் பரிசோதனை: ஊசி சரி, கேள்விதான் இல்லை

மூன்று மாதமாக வாரத்துக்கு 80 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். தூக்கம் கெட்டது, எதிலும் ஆர்வமில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாலும் கால் கனத்தது. சரி, பார்த்துவிடலாம் என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு ஆய்வகத்தில் ஓட்டக்காரர்களுக்கான ஹார்மோன் பேக்கேஜைப் பதிவு செய்தேன்.

சொன்னபடி காலை 7 மணிக்கு வந்து, வெறும் வயிற்றில், வலி தெரியாமல் எடுத்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும், உடலுக்கு அழுத்தம் வரும்போது ஏறும் கார்டிசாலும் காலையில்தான் அதிகம் இருக்கும், அதனால் நேரமும் சரி. ஆனால் முந்தைய நாள் நான் 30 கிலோமீட்டர் ஓடியிருந்தேன், அதை யாரும் கேட்கவே இல்லை. நீண்ட ஓட்டத்தில் கார்டிசால் ஏறும், முடிந்தபின் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், பழையபடி ஆக ஒரு நாளுக்கு மேலேகூட ஆகலாம். ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று சிவப்பில் வந்தது, கீழேயே ஒரு சத்து மாத்திரையை வாங்கச் சொல்லிப் பரிந்துரை. அன்று முழுக்க பயந்துபோயிருந்தேன்.

அப்புறம், எல்ஹெச் பரிசோதனையே இதில் இல்லை. டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் எல்ஹெச் ஏறவில்லை என்றால் சிக்கல் மூளைப் பக்கம் என்று அர்த்தம். ஓடும் அளவுக்குச் சாப்பிடாதவர்களுக்கு இப்படி ஆகலாம், தைராய்டு ஹார்மோனான டி3யும், உடல் கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டினும்கூட சேர்ந்து இறங்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்து, ஆண்களுக்கும் வரும் என்று சொல்லிவிட்டது. இங்கே டி3யும் இல்லை, என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பெண்களுக்கான பேக்கேஜைப் பார்த்துத்தான். என்னோடு ஓடும் தோழிக்கு ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. அவரிடம் அதைப் பற்றியோ கருத்தடை மாத்திரை பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கியபடியே இருந்தால் எலும்பு அடர்த்தி குறையும், கீழ்க்கால் எலும்பில் மயிரிழை முறிவு வரலாம், ஓட்டமே நின்றுபோகலாம். இதைக்கூடக் கேட்காத ஒன்றுக்கு ஓட்டக்காரர் பெயரை ஏன் வைக்க வேண்டும்? அவர் இப்போது மகளிர் மருத்துவரைப் பார்க்கிறார்.

நான் ஹார்மோன் மருத்துவரிடம் போனேன். மாத்திரை வேண்டாம், தூரத்தைப் பாதியாக்கு, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நன்றாகச் சாப்பிடு என்றார். ஆறு வாரம் கழித்து, மூன்று நாள் ஓடாமல் இருந்து, அதே 7 மணிக்குக் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் இயல்பு அளவுக்கு வந்துவிட்டது, தூக்கமும் திரும்பிவிட்டது.

ஐந்துக்கு இரண்டு தருகிறேன், இரண்டும் ரத்தம் எடுக்க வந்தவருக்கு. இனி கூப்பிட்டால் மருத்துவர் எழுதிக்கொடுத்ததை மட்டும் எடுக்கச் சொல்வேன், பேக்கேஜ் வேண்டாம்.