காலி டேங்கை ஓட்டிக் காட்டி 8,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: வீட்டில் ஏர் கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று காலையில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணாயிரத்து நானூறு ரூபாய். 400 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு.

அதிலும் நான் இருப்பது கோயமுத்தூர். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை (காயில்) சுற்றித் தரும் வைண்டிங் கடை தெருவுக்கு ஒன்று உள்ள ஊர். நாட்டின் முதல் மின் மோட்டாரை 1937-ல் செய்தது எங்கள் ஊர்தான் என்று சின்ன வயதிலிருந்து பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான். அந்த ஊரில் இருந்துகொண்டு மோட்டார் விஷயத்தில் ஏமாந்தேன் என்று வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் வேலை போக, வீட்டு ஷெட்டில் மரச் சாமான்களுக்கு பாலிஷ் அடித்துக் கொடுப்பது எனக்கு ஒரு சின்ன வருமானம். அதற்காக 2016-ல் வாங்கிய 2 ஹெச்பி, சிங்கிள் பேஸ், பெல்ட் போட்ட கம்ப்ரசர். மோட்டார் ஓடி டேங்கில் காற்றை அடைக்கும், அழுத்தம் 120 பவுண்டு ஏறியதும் தானாக நிற்கும், 90-க்கு இறங்கினால் தானாக ஓடும். இத்தனை வருடத்தில் ஆயில் மாற்றியதும் ஒரு தடவை பெல்ட் மாற்றியதும்தான் செலவு.

போன மாதம் ஒரு பூஜை அலமாரிக்கு அடித்துக்கொண்டிருந்தேன். 120-ல் நின்ற மோட்டார், 90-க்கு இறங்கியதும் ஓடவில்லை. 'உம்ம்ம்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். புல்லி அசையவே இல்லை. நாலைந்து விநாடியில் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் விழுந்துவிட்டது. திரும்பப் போட்டேன், திரும்ப முனகல், திரும்ப விழுந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். மோட்டார் நின்ற பிறகும், அதைத் தானாக நிறுத்தி ஓட்டும் பிரஷர் சுவிட்சுக்கு அடியிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று போய்க்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் நின்றதும் ஒரு 'புஸ்', அதோடு சத்தம் அடங்கிவிடும்.

இந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது.

தெரிந்த மெக்கானிக் ஊருக்குப் போயிருந்தார். அலமாரிக்காரர் நாளுக்கு இரண்டு தடவை போன். அதனால் கடைகளின் விலாசம், போன் நம்பர் எல்லாம் போட்டு, பக்கத்தில் நட்சத்திரமும் போட்டுக் காட்டும் ஒரு தளத்தில் தேடினேன். பெயர் சொல்லப் போவதில்லை, இது மாதிரி நாலைந்து இருக்கிறது, எல்லாம் ஒரே லட்சணம்தான். தேடி முடித்த இரண்டாவது நிமிடம் மூன்று இடத்திலிருந்து போன். நாலரை நட்சத்திரம் போட்டிருந்த கடையைப் பிடித்தேன்.

மறுநாள் காலை ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான். மெஷினைப் பார்த்ததும், "நல்லா வெச்சிருக்கீங்கண்ணா, இந்த மாதிரி காஸ்டிங் இப்ப வர்றதில்லைங்ணா" என்றான். பையில் இருந்து துணி எடுத்து, சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட் மேல் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுத்தான் கையே வைத்தான். டீ கொடுத்தால், "வேலை முடியட்டுங்ணா" என்று வேண்டாம் என்றுவிட்டான்.

நான் விழுந்தது அங்கேதான். எண்ணெயைத் துடைத்தவனை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தை நானே அவனிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று இருக்கக் கூடாது, தெளிவாகச் சொன்னேன். "அது சும்மா வாசர் லீக்குங்ணா, பெரிய விஷயம் இல்ல. மோட்டார்தான் அடி வாங்கியிருக்கு" என்றான். மோட்டார் மேல் கை வைத்து, குனிந்து மோந்து பார்த்து, "காயில் கருகின வாசம் அடிக்குது பாருங்க" என்றான். நானும் குனிந்து மோந்து பார்த்தேன். அடித்த மாதிரிதான் இருந்தது! மனசு என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள்.

மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. திறந்து வைத்த மோட்டார், உள்ளே கரிந்து கறுத்த காயில். கூடவே கடைக்காரர் குரல்: "ரீவைண்டிங் பண்ணித்தான் ஆகணும், காப்பர்தான் போடறோம், பிஸ்டன் ரிங்கும் வால்வு பிளேட்டும் போயிருச்சு." நம்பினேன். கண்ணால் பார்த்துவிட்டேன் அல்லவா! நேற்று ராத்திரி அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் மோட்டாருக்கு ஒயர் கொடுக்கும் டப்பா மேல்பக்கம் இருக்கும். வீடியோவில் இருப்பதற்கு அது பக்கவாட்டில் இருக்கிறது. யாருடைய மோட்டாரோ.

கணக்கு இது: ரீவைண்டிங் 4,200, ரிங்கும் வால்வு பிளேட்டும் 2,300, மோட்டாரைக் கிளப்பும் கன்டென்சர் 650, கூலி 900, வண்டி வாடகை 350. ஆக 8,400. வெள்ளைத் தாளில் எழுதித் தந்தார்கள். மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேருமுங்ணா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்றார். எனக்காக வருத்தப்படுகிறாராம்.

கிளம்பும்போதே வீட்டம்மா சொல்லி அனுப்பியிருந்தாள், பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று. கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் தேய்ந்த ரிங், கருகிய பிளேட் எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் இருந்த கொஞ்சம் சந்தேகமும் போய்விட்டது.

அப்புறம் ஓட்டிக் காட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் 'விர்ர்' என்று எடுத்தது. முள் ஏறி ஏறி 120-ல் நின்றது. "பார்த்துக்கங்ணா, புது மெஷின் மாதிரி" என்றார் கடைக்காரர். நானும் சிரித்துக்கொண்டே போனை எடுத்து 8,400 ரூபாயைத் தட்டிவிட்டேன். பணம் போனது கடை பெயருக்கு இல்லை, ஏதோ ஒரு தனி ஆள் பெயருக்கு. அதையும் அப்போது கவனிக்கவில்லை.

அவர்கள் ஓட்டிக் காட்டியது காலி டேங்கை. வண்டியில் ஏற்றும்போதே காற்றை எல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். காலி டேங்கில் என் மெஷின் எப்போதுமே ஓடியிருக்கும். பழுதான அன்றுகூட ஓடியிருக்கும்! 120-ல் நின்ற பிறகு காற்றைக் கொஞ்சம் இறக்கி, 90-ல் திரும்ப எடுக்கிறதா என்று பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே குட்டு உடைந்திருக்கும். இரண்டு நிமிட வேலை. செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரிக்கு இரண்டாவது கோட் ஆரம்பித்தேன். 90-க்கு இறங்கியது. உம்ம்ம். எம்சிபி விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்த பதினோரு நாள் கூத்து இருக்கிறதே. முதல் போனுக்கு, "வோல்டேஜ் கம்மியா இருக்கும்ணா." மீட்டர் வைத்துப் பார்த்தேன், 228 காட்டியது. இரண்டாவது போனுக்கு, "எக்ஸ்டென்ஷன் ஒயர்ல போட்டிருப்பீங்க." இல்லை, நேராக பிளக்கில்தான். மூன்றாவதுக்கு, "பையன் லீவு, திங்கக்கிழமை அனுப்பறேன்." திங்கள் போய் வியாழன் வந்தது, பையன் வரவில்லை. என் நம்பரை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வீட்டம்மா போனிலிருந்து அடித்தால் முதல் ரிங்கிலேயே, "சொல்லுங்க மேடம்!" என் குரலைக் கேட்டதும் ஒரு நொடி அமைதி. அண்ணா என்று கூப்பிட்டவர் அன்றைக்கு 'சார்' ஆகிவிட்டார். "வாரண்டி வைண்டிங்குக்கு மட்டும்தான் சார். உங்களுக்கு இப்ப பிரஷர் சுவிட்ச் போயிருக்கு. அது தனியா 1,600 ஆகும் சார்."

8,400 வாங்கியது போதவில்லை, இன்னும் 1,600.

அந்தத் தளத்துக்கும் எழுதினேன். உங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம் என்று உடனே ஒரு பதில் வந்தது, மெஷின் அனுப்பிய பதில். மூன்று நாள் கழித்து, நாங்கள் விவரம் மட்டுமே தருகிறோம், வேலைக்கும் பணத்துக்கும் பொறுப்பில்லை என்று இரண்டு வரி. புகார் முடிக்கப்பட்டதாம். நான் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதிய கருத்து இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது. ஐந்து நட்சத்திரம் எல்லாம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறதோ தெரியவில்லை.

நேற்று ஒரு நண்பர் ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார். போர்டு கூட இல்லாத கடை. மெஷினை இறக்கி, அவரே காற்றேற்றி, 120-ல் நின்றதும் ஒன்றும் தொடாமல் காதை மட்டும் கிட்டே வைத்துக் கேட்டார். 'ஸ்ஸ்ஸ்.' "என்.ஆர்.வி.ங்க தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்றார். அரை நிமிடம் ஆகியிருக்காது.

என்.ஆர்.வி. என்பது ஹெட்டிலிருந்து வரும் பைப் டேங்கில் சேரும் இடத்தில் இருக்கும் சின்ன வால்வு. காற்று டேங்குக்குள் போகலாம், திரும்பி வரக் கூடாது, அதற்காக வைத்தது. மோட்டார் நிற்கும்போது பைப்பில் மிச்சம் இருக்கும் காற்றை பிரஷர் சுவிட்ச் வெளியே விடும், அதுதான் அந்த 'புஸ்'. என்.ஆர்.வி. சரியாக உட்காரவில்லை என்றால் டேங்குக் காற்று பைப்புக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கும், அது அந்த 'ஸ்ஸ்ஸ்'. பிஸ்டன் தலைமேல் அந்த அழுத்தம் உட்கார்ந்திருக்கும்போது சிங்கிள் பேஸ் மோட்டாரால் எடுக்க முடியாது, முனகத்தான் செய்யும். டேங்கு காலியானால் அழுத்தம் இல்லை, சமர்த்தாக ஓடும்.

காற்றை முழுக்க இறக்கிவிட்டு வால்வைக் கழற்றிக் காட்டினார். உட்காரும் இடத்தில் மிளகு அளவு கரி ஒட்டியிருந்தது, ரப்பர் தேய்ந்திருந்தது. புது வால்வு 250, கூலி 150.

"ரீவைண்டிங்கும் பண்ணியிருக்குதுங்க ஐயா, ரிங்கும் புதுசு" என்று சொல்லி அந்த எஸ்டிமேட்டைக் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங்க தம்பி, ஹெட் போல்டைப் பாருங்க. கம்பெனி பெயிண்டே இன்னும் ஒடையல. ஸ்பேனர் படாம ரிங்கை எப்படி மாத்தினாங்க?" அப்புறம் மோட்டார் மூடியைத் திறந்தார். உள்ளே பத்து வருடத் தூசி, காயில் மேல் பழைய வார்னிஷ் அப்படியே கண்ணாடி மாதிரி. புதிதாகக் கட்டிய ஒரு நூல் கூட இல்லை. பிளாஸ்டிக் பையில் இருந்த ரிங்கைக் கையில் எடுத்து, "இது உங்க மெஷினோடதே இல்ல, இதைவிடப் பெரிய சிலிண்டரோடது" என்று திரும்பப் போட்டுவிட்டார். கன்டென்சர் மட்டும் நிஜமாகவே மாற்றியிருந்தார்கள். பழையது நன்றாக இருந்திருக்கும் என்பது அவர் அபிப்பிராயம்.

400 ரூபாய் கொடுத்தேன். 120-ல் நின்றது, புஸ், அமைதி. 90-ல் எடுத்தது. அங்கேயே நான்கு தடவை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினேன். பூஜை அலமாரிக்காரர் இதற்குள் வேறு ஆளிடம் போய்விட்டார், அது தனி நஷ்டம்.

கம்ப்ரசர் பராமரிப்பு பற்றி விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது முடியவில்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். மோட்டார் முனகினால் உடனே அணையுங்கள், திரும்பத் திரும்பப் போட்டால் காயில் நிஜமாகவே எரிந்துவிடும். டேங்கைக் காலி செய்துவிட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். காலியில் ஓடி, காற்று இருக்கும்போது முனகினால் முதலில் என்.ஆர்.வி.யையும் பிரஷர் சுவிட்சில் உள்ள அந்தச் சின்ன காற்று விடும் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். காலியிலும் முனகினால்தான் கன்டென்சர், வோல்டேஜ், மோட்டார் பக்கம் போக வேண்டும். டேங்கில் காற்று இருக்கும்போது எதையும் கழற்றாதீர்கள், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மெஷினைக் கொடுப்பதற்கு முன் ஹெட் போல்ட், மோட்டார் போல்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், முடிந்தால் ஒரு பெயிண்ட் புள்ளி வையுங்கள். 'எஸ்டிமேட்' தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள், பில் கேளுங்கள். ஓட்டிக் காட்டினால் இரண்டாவது தடவை எடுக்கிறதா என்று பாருங்கள், முதல் தடவை எதற்கும் சாட்சி இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்துவிட்டேன். வீடியோ, வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன ரசீது, போல்ட் போட்டோ எல்லாம் தயார். ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லையாம், தேவைப்பட்டால் அங்கேயும் போவேன். அதற்கு முன் ஒரு தடவை நேரில் போய் அந்த ரிங் பையை அவர் மேஜை மேல் வைத்து, இது யாருடையது என்று மட்டும் கேட்க வேண்டும். மணி பத்தாகப் போகிறது, கடை திறந்திருப்பார்கள். கிளம்புகிறேன்.