பைதானும் நானும்: இரண்டு வருடக் கணக்கு

பாரிமுனையில் ஒரு பேப்பர் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். படிப்பு பி.காம். தெரிந்த கம்ப்யூட்டர் டேலியும் எக்செலும்தான். மாதக் கடைசியில் நாற்பது, ஐம்பது எக்செல் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒரே ஷீட்டில் ஒட்டுவதற்கே இரண்டு ராத்திரி போய்விடும். அதற்காகத்தான் பைதான் என்ற நிரல் மொழியின் பக்கம் வந்தேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

முதலில் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டினேன். ஆறு வாரம் நட்சத்திரக் குறியை முக்கோணமாக அடுக்கச் சொன்னார்கள். என் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நின்றுவிட்டேன். பைதான் இலவசம். ரிச்சி தெருவில் வாங்கிய நாலு ஜிபி ராம் பழைய லேப்டாப்பே தாராளம். கூடவே வரும், நிரல் எழுதுவதற்கான ஐடில் எடிட்டரும் ஆரம்பத்துக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய ஒரு புத்தகம் என்னைப் பத்து நாள் சுற்றவிட்டது. அதில் இருந்தபடியே அடித்தாலும், விடையைத் திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் வரியில் எரர். அது பைதான் 2-க்கான புத்தகம்; பைதான் 3-இல் பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி கட்டாயம். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது. பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் இன்புட் கட்டளையில் 250, 100 என்று கொடுத்துக் கூட்டினால் 250100 என்று வரும். வாங்குவதை எல்லாம் அது எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது, இன்ட் போட்டு எண்ணாக மாற்ற வேண்டும். இது ஒரு நாளில் பழகிவிடும்.

கணக்குக்காரர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. பற்று, வரவு இரண்டையும் கூட்டி ஒப்பிடும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். திரையில் பார்த்தால் இரண்டு தொகையும் ஒன்றுதான், நிரலோ சமமில்லை என்கிறது. மூன்று நாள் தேடினேன். கடைசியில் 0.1 + 0.2 என்று அடித்துப் பார்த்தேன்: 0.30000000000000004. தசம எண்ணைக் கம்ப்யூட்டர் இரும எண்ணாக வைத்துக்கொள்வதால் வரும் சின்னப் பிசகு அது. மற்ற நிரல் மொழிகளிலும் உண்டு. பைதானிலேயே டெசிமல் என்ற மாட்யூல் (தயார் நிரல் தொகுப்பு) இருக்கிறது, தொகையை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் பைசா பிசகாது. பணம் என்றால் முதல் நாளிலிருந்தே அதைப் பழகுங்கள். பயிற்சி மையத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை.

அப்புறம் தமிழ். பார்சல் லேபிளில் கடைப் பெயர் நீளமானால் வெட்ட வேண்டும். வெட்டினேன், சில பெயர்களில் கடைசிப் புள்ளி காணாமல் போனது. 'தமிழ்' என்ற சொல்லை நாம் மூன்று எழுத்து என்போம். நீளத்தை எண்ணிச் சொல்லும் பைதானின் லென் ஐந்து என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாலோடு வெட்டினால் 'தமிழ' என்று நிற்கும். வாடிக்கையாளர் பெயரை அப்படி அச்சடித்து அனுப்ப மனசு வரவில்லை. ஓப்பன் தமிழ் என்ற இலவச லைப்ரரியைப் போட்டேன். அது நம் எழுத்துக் கணக்குப்படியே மூன்றாகப் பிரித்துத் தருகிறது. அன்றைக்கு வந்த சந்தோஷம் பெரிது.

இப்போது மாதக் கடைசி ஃபைல்களைப் பாண்டாஸ் என்ற பைதான் லைப்ரரி சேர்த்துத் தருகிறது. ஒரு டீ குடித்து வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். தேதிதான் இன்னும் தொல்லை. 03-04 என்பதை அது மார்ச் 4 என்று படிக்கும், டே ஃபர்ஸ்ட் (நாள்தான் முதலில்) என்று சொல்லிவைத்தால்தான் ஏப்ரல் 3. அந்த வரியை விட்டுவிட்டு ஏப்ரல் பில்கள் சிலவற்றை முந்தைய நிதியாண்டில் சேர்த்துவிட்டேன். அதிலிருந்து, ஓடி முடிந்ததும் பத்து பில்லையாவது எடுத்துக் கையால் சரிபார்க்கிறேன்.