சயான் சீரிஸ் 5-ஐ ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன்னால்

அப்பா நான்கு வருடமாக எழுதி வைத்த குறிப்புகள் மொத்தமும் போய்விட்டன. இனி வராது. பழைய கையடக்கக் கணினி வைத்திருக்கும் வேறு யாரும் இப்படி ஏமாந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது சயான் சீரிஸ் 5. 1997-இல் வந்தது, குட்டி விசைப்பலகையோடு மடக்கித் திறக்கிற கருவி. இந்த மாடலுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி, திரைக்குப் போகிற ரிப்பன் கேபிள் விரிசல் விட்டுவிடும், அப்புறம் திரையில் கோடு கோடாக வரும். எங்களுடையதிலும் அதுதான் நடந்தது. ஆனால் மூடியை முழுவதும் திறக்காமல் ஒரு கோணத்தில் கையால் பிடித்துக்கொண்டால் எழுத்து தெளிவாகத் தெரியும். அப்பா கடைசி மாதங்களில் இடது கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு வலது கையின் ஒற்றை விரலால்தான் தட்டினார். அதில் தமிழ் வராது, 'இன்று தூக்கம் இல்லை' என்பதைக்கூட ஆங்கில எழுத்துகளில்தான் எழுதியிருப்பார்.

அப்பா போன பிறகு, பழைய கருவிகளைச் சரிசெய்து தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவரிடம் கேபிள் மாற்றக் கொடுத்தேன். கொடுக்கும்போதே கேட்டேன், உள்ளே இருப்பதற்கு ஏதாவது ஆகுமா என்று. "பேக்கப் பேட்டரி இருக்கு சார், பயப்படவே வேண்டாம், அதையும் புதுசா மாத்தித் தரேன்" என்றார். நம்பினேன்.

திரும்பி வந்தபோது திரை பளிச்சென்று இருந்தது. கோப்புகள் இருக்கும் இடத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. போன் செய்தால், "எல்லாம் நல்லா ஓடுதே சார், வேர்டு திறக்குது, அஜெண்டா திறக்குது, வேற என்ன?" என்கிறார். அவை திறக்கத்தான் செய்யும். அந்தச் செயலிகள் எல்லாம் ராமில் (RAM, மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே எதையும் வைத்திருக்கும் நினைவகம்) அல்ல, ரோம் (ROM, நிரந்தர நினைவகம்) சிப்பில் பதிந்தவை, மின்சாரம் போனாலும் வந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. நாம் எழுதியது மட்டும்தான் ராமில் இருக்கிறது. கருவியை அணைத்து வைத்தாலும் அந்த ராமுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு பென்சில் பேட்டரியும் ஒரு சிஆர்2032 காசு பேட்டரியும் இருப்பதே அதற்காகத்தான். ஒன்றை மாற்றும்போது இன்னொன்று தாங்கும். கேபிள் மாற்ற வேண்டுமென்றால் உடலையே பிரிக்க வேண்டும், இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். அதாவது, அவர் எனக்கு வாக்குக் கொடுத்தபோதே அது நடக்காத காரியம். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, எனக்கு இரண்டுமே ஒன்றுதான்.

மனசு கேட்காமல் அந்தக் காசு பேட்டரியை எடுத்து மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். புதிது என்றால் 3 வோல்ட்டாவது காட்ட வேண்டும். இது 2-க்கும் கீழே. மேலே வெள்ளை பூத்திருந்தது. புதுசு போட்டதாகச் சொல்லிக் காசும் வாங்கியிருக்கிறார்.

இதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. வேறொருவர், "டேட்டா ரெக்கவரி செய்து தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள்" என்றார். தவிப்பில் அனுப்பவும் இருந்தேன். ஹார்டு டிஸ்க்கிலோ மெமரி கார்டிலோ அழித்ததைச் சில நேரம் மீட்கலாம், உண்மைதான். மின்சாரம் நின்று இத்தனை நாள் ஆன ராமில் மீட்க எதுவுமே மிச்சம் இருக்காது. அதை மீட்டுத் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நான் செய்திருக்க வேண்டியது பத்து நிமிட வேலை. மூடியை அந்தக் கோணத்தில் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் இருக்கும் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டுக்கு எல்லாக் கோப்பையும் நகல் எடுத்திருக்க வேண்டும். ஃபிளாஷ் கார்டுக்கு மின்சாரமே தேவையில்லை, பேட்டரி செத்தாலும் அதில் இருப்பது இருக்கும். திரை சுத்தமாகப் போயிருந்தாலும் சீரியல் கேபிள் மூலம் கணினிக்கு எடுக்க முயன்று பார்த்திருக்கலாம். எடுத்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் கருவியைக் கையை விட்டு அனுப்ப வேண்டும்.

சயான் மட்டுமில்லை, எச்பி 200எல்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அதிலும் இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு சிஆர்2032. பேட்டரி மாற்றும்போது இரண்டு வகையையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், முதலில் ஒன்றைப் போட்டு முடித்து, கருவி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். பழைய பாம் பைலட் வகையில் காசு பேட்டரியே கிடையாது, பேட்டரியைக் கழற்றினால் உள்ளே கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர் ஒரு நிமிடம் போலத்தான் தாங்கும், புது பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதை எடுக்க வேண்டும். பாம் வி (Palm V), விண்டோஸில் ஓடும் பழைய ஐபேக் (iPAQ) மாதிரி உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி உள்ளவை இன்னும் மோசம். அலமாரியில் போட்டு மறந்தால் தானாகவே வடிந்து எல்லாம் அழிந்துவிடும். பாமில் டங்ஸ்டன் டி5 (2004), விண்டோஸ் பக்கம் விண்டோஸ் மொபைல் 5 (2005), இந்தக் காலத்தில்தான் பேட்டரி போனாலும் அழியாத நினைவகத்துக்கு மாறினார்கள். அதற்கு முந்தையது உங்களிடம் இருந்தால் ராமில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆள் காசு பேட்டரிக்கான பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அப்பா எப்போதோ பரிசோதித்துப் பார்க்கக் கார்டில் சேமித்த ஒரே ஒரு கோப்பு இருக்கிறது, நான்கு வரி. அதை மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டேன்.