வடசேரி ஜெராக்ஸ் கடை உலக வரலாற்றுக் குறிப்பேடு: போலந்துப் பக்கங்களைத் திருத்திப் படியுங்கள்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் போட்டித் தேர்வுக்கென்று விற்கிற குறிப்பேடு இது. ஸ்பைரல் பைண்டிங், 96 பக்கம், 150 ரூபாய். 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி மேற்கிலிருந்தும் 17 அன்று சோவியத் கிழக்கிலிருந்தும் போலந்துக்குள் நுழைந்தது வரை வரிசை பிசகவில்லை. அதற்குப் பிறகுதான் தடுமாறுகிறது.

1940-இல் பிடிபட்ட போலந்துக் கைதிகளைச் சோவியத் சுட்டுக்கொன்ற சம்பவத்துக்குக் 'காட்டின் படுகொலை' என்று தலைப்பு. படிக்கிற பிள்ளைக்கு இது ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகரத்துப் பக்கத்து ஊரின் பெயர் என்றே தெரியாது. ஏதோ ஒரு காடு என்று நினைத்துக்கொள்ளும். போதாததற்கு, 1943 மார்ச் 22 அன்று நாஜிப் படையினர் 149 பேரைக் கொன்று கொளுத்திய பெலாரஸ் கிராமத்தையும் இதே தலைப்புக்குள் போட்டுவிட்டார்கள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலாகிவிடுவதால் வந்த பிழை. முதலாவதைக் கதின் என்றும் பெலாரஸ் ஊரை ஹதின் என்றும் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.

'செய்தது யார் என்பதில் சர்ச்சை' என்ற வரியை அடித்தே விடுங்கள். அவர்களைச் சுட்டுக்கொல்ல 1940 மார்ச் 5 அன்று பொலிட்பீரோ (சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் உச்சக் குழு) எடுத்த முடிவில் ஸ்டாலினின் கையெழுத்து இருக்கிறது. 1990-இல் மாஸ்கோ ஒப்புக்கொண்டது, 1992-இல் ஆவணமும் வெளிவந்தது. சோவியத் கணக்குப்படி கொல்லப்பட்டவர்கள் 21,857: கதினில் 4,421, உக்ரைனின் ஹார்கிவில் 3,820, ஒஸ்தாஷ்கோவ் கைதி முகாமினர் 6,311, சிறைகளில் இருந்தவர்கள் 7,305. குழப்பத்துக்குக் காரணம் தோட்டா. 7.65 மி.மீ. ஜெர்மன் தயாரிப்பு என்பதைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மானியர் 1941-இல் செய்தது என்று 1944-இல் சோவியத் குழு அறிக்கை கொடுத்தது. ஆனால் சடலங்களின் சட்டைப்பையில் கிடைத்த கடிதங்களும் செய்தித்தாள்களும் 1940 வசந்தத்தோடு நின்றுவிட்டன.

பெரிய தவறு அடுத்த பக்க அட்டவணையில். ஒரு பத்தியில் கதின். எதிர்ப்பத்தியில் 1919–21 போலந்து–சோவியத் போரில் பிடிபட்டு போலந்து முகாம்களில் இறந்த செஞ்சேனை (சோவியத் ராணுவம்) கைதிகள். அந்தச் சாவுகளுக்குக் கதின் பதிலடி என்பதுபோல. கைதிகள் அப்படிச் செத்தது பற்றிய ரஷ்யர்களின் மனக்குறை நியாயமானதுதான். 16,000 முதல் 20,000 பேர் வரை இறந்ததாக இரு நாட்டு வரலாற்றாளர்களும் கணக்கிடுகிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் டைபஸ் காய்ச்சல், காலரா, பசி, குளிரில் மடிந்தவர்கள். அலட்சியத்தால் சாகவிட்டதும் உத்தரவு போட்டுச் சுட்டதும் ஒரே குற்றம் அல்ல. 'சாவுக்குக் காரணம்' என்று மூன்றாவது பத்தி ஒன்று வரைந்தால் அட்டவணை சரியாகிவிடும். நாஜிகளை விரட்டும்போது போலந்து மண்ணில் இறந்த சுமார் 6 லட்சம் செஞ்சேனை வீரர்களும் விடுபட்டிருக்கிறார்கள். அதைச் சேர்க்காமல் ரஷ்யர்களின் கோபம் புரியாது.

வரைபடம் கறுப்பு வெள்ளையில் படுமோசம். ஜெர்மன் பகுதியும் சோவியத் பகுதியும் ஒரே சாம்பல் நிறம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கலரில் எடுத்துத் தரச் சொல்லி, பைண்டிங் போடுவதற்கு முன்பே மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.